37,500 டாலருக்கு ஏலம் போன ஆஞ்சநேயர்!

அரியமங்கலத்தில் எஸ்.ஐ.டி. ஸ்டாப்பிங்கில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் சித்தி வீடு. தஞ்சாவூர் ரோட்டில் பஸ் போகிற சத்தம் பூஜை அறை வரைக்கும் கேட்கும். அந்த அறையில் உள்ளங்கை அளவில் ஒரு தவழும் கிருஷ்ணர் இருக்கிறார். பல வருஷப் புளியும் விபூதியும் பட்டு மூக்கு மழுங்கிப்போன கிருஷ்ணர். சித்திக்கு அவருடைய மாமியார் கொடுத்தது.

போன மாதம் போயிருந்தபோது சித்தி கதவைச் சாத்திவிட்டு, ரகசியம் பேசுகிற குரலில் கேட்டார். "ஏம்ப்பா, இது ஐம்பொன்னாம். ஃபாரின்ல ஏலம் விட்டா முப்பது லட்சம் போகுமாம். நிஜமா?"

பழைய பித்தளை, பழைய நாணயம் வாங்குகிற ஒருவர் தெருவுக்கு வந்திருக்கிறார். "அம்மா, பழசு எதாச்சும் இருந்தா காட்டுங்க" என்று கேட்டுப் பார்த்தவர், கிருஷ்ணரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஏதோ ஒரு வெளிநாட்டு ஏலத்தின் படம் வந்தது. அதில் இருந்த கிருஷ்ணரும் தவழ்ந்துகொண்டுதான் இருந்தார். கீழே டாலரில் ஒரு தொகை.

"முதல்ல போட்டோ எடுக்க விட்டதே தப்பு சித்தி" என்றேன். அப்புறம் உட்கார்ந்து பேசியதுதான் இந்தக் கட்டுரை.

அரியலூரிலிருந்து நியூயார்க்குக்கு

ஏலத்தில் பெரிய தொகை போகிறது என்பது பொய்யில்லை. 2017 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பாலர் காலத்து லோகநாதர் கருங்கல் சிலை ஒன்று 2.4 கோடி டாலருக்கு மேல் போனது. கிறிஸ்டீஸ் 1766-லும், அதற்குப் போட்டியான சோத்பீஸ் 1744-லும் லண்டனில் ஆரம்பித்த நிறுவனங்கள். ஓவியம், நகை, பழைய புத்தகம், ஒயின் என்று எல்லாம் விற்பார்கள். அந்த வரிசையில் நம் ஊர்ச் சாமிகளுக்கும் ஓர் எண் ஒட்டி, ஒரு பக்கம் ஒதுக்கி, ஆர்ட் பேப்பரில் கேட்லாக் போடுவார்கள்.

ஆனால் சித்தியிடம் நான் சொன்ன கதை கோடி டாலர் கதை இல்லை. நம் பக்கத்து மாவட்டத்து ஆஞ்சநேயர் கதை.

அரியலூர் மாவட்டம் பொட்டவெளி வெள்ளூரில் வரதராஜ பெருமாள் கோயில். அங்கே கைகூப்பி நின்ற உலோக அனுமன், 14-15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். 2012 ஏப்ரல் 9-ம் தேதி திருட்டுப் போனார். போலீஸில் புகார் பதிவானது. எத்தனையோ கோயில் திருட்டுகளைப் போல அதுவும் ஒரு கேஸ் நம்பராக நின்றது.

சரியாக இரண்டே வருஷம். 2014 மார்ச்சில் அதே அனுமன் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் நின்றார். 37,500 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 22 லட்சம் ரூபாய் கொடுத்து ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒருவர் வாங்கினார். வாங்கியவருக்கு அது திருட்டுப் பொருள் என்று தெரியாது. கேட்லாக்கில் பார்த்தார், பிடித்திருந்தது, கை தூக்கினார், பணம் கட்டினார், ரசீது வாங்கினார்.

காட்டிக்கொடுத்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோ. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. 1955-ல் தொடங்கியது. அங்கிருந்தவர்கள் தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போய், மூலவர், உற்சவர், தூண், சுவர் என்று படம் எடுத்து வைத்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இன்று அவர்களிடம் உண்டு. வெள்ளூர் கோயிலுக்கு 1961-ல் போயிருக்கிறார்கள். அந்தப் படத்தில் இருந்த அனுமனும், கேட்லாக்கில் இருந்த அனுமனும் ஒருவர்தான் என்று தெரிந்தது. அமெரிக்க அதிகாரிகள் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னதும், வாங்கியவர் சிலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 2022 பிப்ரவரியில் கான்பராவில் அமெரிக்கத் தூதரகத்தினர் அதை இந்தியத் தூதரிடம் ஒப்படைத்தார்கள். 2023 ஏப்ரலில் அனுமன் தமிழ்நாட்டுப் போலீஸின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு கைக்கு வந்து சேர்ந்தார். பதினோரு வருஷம், மூன்று கண்டம்.

கடல் தாண்டிப் போய் வந்தவர்தானே அவர் என்றார் சித்தி. சிரிப்பு வந்தாலும் எனக்கு அந்த இரண்டு வருஷக் கணக்குதான் உறுத்துகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர் எடுத்துப் போனார் என்றால் ஆவணம் இல்லை என்று சொல்லலாம். இது நேற்றைய திருட்டு. இந்தியாவில் எஃப்.ஐ.ஆர். இருக்கும்போதே நியூயார்க்கில் சுத்தியல் விழுந்திருக்கிறது.

கேட்லாக்கில் என்ன எழுதுவார்கள்?

ஏலக் கம்பெனி பொருளுக்குச் சொந்தக்காரர் இல்லை. ஒருவர் கொண்டுவந்து கொடுப்பார், கம்பெனி ஒரு மதிப்பைப் போடும், இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று ரகசியமாக ஒரு தொகையை உடையவர் வைத்திருப்பார். சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கம்பெனிக்குக் கமிஷன் தனியாகக் கட்ட வேண்டும். வாங்குபவர் பெயரும் விற்பவர் பெயரும் பெரும்பாலும் வெளியே வராது.

இதில் உயிர்நாடி ஒரு சின்னப் பத்தி. பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த வருஷம் மாறியது என்ற வரலாறு. நம் ஊரில் நிலத்துக்குத் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று பார்ப்போமே, அதுபோல. நிலத்துக்கு முப்பது வருஷ வில்லங்கம் கேட்கிற நாம், ஆயிரம் வருஷச் சிலைக்கு எத்தனை வரி கேட்போம்! ஆனால் பல கேட்லாக்குகளில் ஐரோப்பாவில் ஒரு தனியார் சேகரிப்பு, அதற்கு முன் ஒரு வியாபாரி, அவ்வளவுதான் இருக்கும். கோயில் பெயர், ஊர் பெயர் இருக்காது. இருந்தால் விற்க முடியாதே.

அந்தப் பத்தியைப் பொய்யாகவே தயாரித்தவர்களும் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2006-ல் திருட்டுப் போனார். பெரும்பாலும் பூட்டியே கிடந்த கோயில் என்பதால் திருட்டு வெளியே தெரியவே 2008 ஆனது. அதற்குள் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் அவரை நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டது. காட்டிய காகிதத்தில், டெல்லியில் இருந்த ஒரு சூடான் நாட்டு அதிகாரி 1970 வாக்கில் வாங்கிய சிலை என்று இருந்தது. 1970-ல் அந்த நடராஜர் ஸ்ரீபுரந்தானில்தான் நின்றுகொண்டிருந்தார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தபோது அவரைக் கையோடு கொண்டுவந்து கொடுத்தார்.

சுபாஷ் கபூர் 2011 அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டு, 2012 ஜூலையில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். அடைக்கப்பட்ட இடம் திருச்சி மத்திய சிறை. மேடிசன் அவென்யூவில் கடை வைத்திருந்தவர், அரியமங்கலத்திலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் வருஷக்கணக்கில் இருந்தார். உடையார்பாளையம் வரதராஜ பெருமாள் கோயில் வழக்கில் 2022 நவம்பர் 1-ம் தேதி கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருஷச் சிறைத் தண்டனை விதித்தது.

"அவ்ளோ பெரிய ஆளு ஜெயிலுக்குப் போறாரு, என்னைச் சும்மா விடுவாங்களா?" சித்தி கிருஷ்ணரை உள்ளே தள்ளி வைத்தார்.

திருடின ஆழ்வார் திருட்டுப் போனார்

சித்தி ஸ்ரீரங்கத்துப் பெண். அதனால் அவருக்கு ரொம்பப் பிடித்துப் போன கதை திருமங்கை ஆழ்வார் கதைதான்.

வைகுண்ட ஏகாதசி முடிந்து இராப்பத்து எட்டாம் நாள் ஸ்ரீரங்கத்தில் வேடுபறி நடக்கும். தங்கக் குதிரையில் வருகிற நம்பெருமாளை, கொள்ளைக்காரராக இருந்த திருமங்கை மன்னன் வழிமறிப்பார். மணல்வெளியில் கூட்டம் நெரியும். கோயில் கைங்கரியத்துக்குப் பணம் வேண்டும் என்று வழிப்பறி செய்தவர் அவர். நாகப்பட்டினம் புத்த விகாரத்திலிருந்த பொன் புத்தரையே எடுத்துவந்து ஸ்ரீரங்கத்துத் திருப்பணியை முடித்தார் என்றும் அவரைப் பற்றிக் கதை உண்டு. அந்தக் கதையை ஒரு நாகப்பட்டினத்துப் புத்த பிக்கு எப்படிச் சொல்லியிருப்பார் என்று நான் நினைப்பதுண்டு. சித்தியிடம் சொல்லவில்லை.

கும்பகோணம் பக்கம் சுந்தரப்பெருமாள்கோவில் கிராமத்தில் சௌந்தரராஜ பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே கையில் வாளும் கேடயமுமாக, சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு வெண்கலத் திருமங்கை ஆழ்வார் இருந்தார். 1957-ல் பிரெஞ்சு நிறுவனத்தார் படம் எடுத்திருக்கிறார்கள். 1967-ல் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் அவர் விற்பனைக்கு வந்தார். வாங்கியது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் மியூசியம். படம் எடுத்ததற்கும் ஏலத்துக்கும் நடுவில் பத்தே வருஷம்.

இதில் கொடுமை என்னவென்றால், கோயிலில் யாரும் தேடவில்லை. ஏன் தேட வேண்டும்? அங்கே ஒரு திருமங்கை ஆழ்வார் இருந்தாரே! அசலை எடுத்துவிட்டு அதே மாதிரி போலி ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பின்னால் போலீஸ் விசாரணையில்தான் தெரிந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் போலிக்குத்தான் மாலையும் தளிகையும்.

2019-ல் ஓர் ஆய்வாளர் பழைய போட்டோவை வைத்து மியூசியத்துக்குத் தகவல் சொன்னார். நல்ல விஷயம், மியூசியமே அந்த டிசம்பரில் இந்தியத் தூதரகத்துக்கு எழுதி விவரம் கேட்டது. 2024 மார்ச்சில் திருப்பித் தரலாம் என்று பல்கலைக்கழகக் கவுன்சில் முடிவெடுத்தது. மூடி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அதற்காக ஒரு நன்றி சொல்லலாம்.

ஒரே மாதிரி இரண்டு சிலை இருக்காதா, போட்டோவை வைத்து எப்படி அடித்துச் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். சுவாமிமலைப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குப் புரியும். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து முதலில் மெழுகில் உருவத்தைச் செய்வார்கள். அதன் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காய வைத்துச் சுடுவார்கள். மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்தக் காலியிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சாமியை வெளியே எடுக்க வேண்டும். ஓர் அச்சில் ஒரு சாமிதான். அடுத்தது வேறு கை, வேறு மெழுகு. போதாததற்கு ஒரு விரல் முனை உடைந்திருக்கும், பீடத்தில் ஒரு கீறல் இருக்கும், வார்க்கும்போதே காற்றுக் குமிழ் விழுந்த பள்ளம் இருக்கும். அழகுக்குக் குறைச்சலான அந்த இடங்கள்தான் கோர்ட்டில் சாட்சி.

இதே போட்டோக்களை வைத்து ஏலமே நிறுத்தப்பட்டதும் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு கோதண்டராமேஸ்வரர் கோயில் நடராஜர் 1972-ல் திருட்டுப் போனவர். ஐம்பது வருஷம் கழித்து 2022 டிசம்பரில் பாரீஸில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தார். இரண்டிலிருந்து மூன்று லட்சம் யூரோ என்று மதிப்புப் போட்டிருந்தார்கள். 1958-ல் எடுத்த படத்தைக் காட்டித் தமிழ்நாடு போலீஸ் தடுத்தது. அதே வருஷம் ஆகஸ்டில், 1971-ல் கும்பகோணம் தண்டந்தோட்டம் நடனபுரீஸ்வரர் கோயிலிலிருந்து காணாமல் போன பார்வதி நியூயார்க்கில் பான்ஹாம்ஸ் ஏல நிறுவனத்தில் இருப்பது தெரியவந்தது. 52 சென்டிமீட்டர் உயரம்.

சித்தி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இதுக்கு எங்க ஊர் வண்ணாரே போதுமே" என்றார். எனக்குச் சட்டென்று புரியவில்லை. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் தெரிந்த கதை அது. 1323-ல் டெல்லிப் படை வந்தபோது நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு போய், ஊர் ஊராக மறைத்துவைத்துக் காப்பாற்றினார்கள். 1371-ல்தான் திரும்பி வந்தார். அதற்குள் கோயிலில் வேறொரு பெருமாளை வைத்து பூஜை நடந்துகொண்டிருந்தது. பழைய ஆட்கள் யாரும் உயிரோடு இல்லை. யார் அசல்? கடைசியில் கண் தெரியாத வயதான சலவைத் தொழிலாளி ஒருவர் கிடைத்தார். முன்பு பெருமாளின் வஸ்திரத்தைத் துவைத்தவர். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர வஸ்திரத்தின் தீர்த்தத்தைக் கொடுத்தார்கள். மணத்தை வைத்தே அவர், "இவரே நம் பெருமாள்" என்றாராம். அந்தப் பேர்தான் நிலைத்தது என்பார்கள்.

வந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

திரும்பி வந்த சாமிகள் எல்லாம் கோயிலுக்குப் போய்விட்டார்களா என்றால், இல்லை. ஸ்ரீபுரந்தான் நடராஜரைக் கும்பகோணம் விக்கிரகப் பாதுகாப்பு மையத்தில் வைத்தார்கள். திருவாரூரிலும் இப்படி ஒரு மையம் உண்டு. இரும்புக் கதவு, பூட்டு, காவல். பாதுகாப்பு முக்கியம்தான், மறுக்கவில்லை. பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து திருடுபோனவர், உலகத்தைச் சுற்றிவிட்டு இன்னொரு பூட்டுக்குள் வந்து நிற்கிறார் என்பதை நினைத்தால் மட்டும் மனசு ஒப்பவில்லை. லண்டன் வழக்கில் ஜெயித்து 1991-ல் வந்த பத்தூர் நடராஜருக்காகச் சிவனே அங்கே வழக்காடினார். இடிந்த கோயிலானாலும் அதன் சாமிக்கு வழக்குத் தொடர உரிமை உண்டு என்று ஆங்கிலேய நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. உரிமை சாமிக்கு என்றால், இருக்கும் இடத்தையும் அவரைக் கேட்டுத்தானே முடிவுசெய்ய வேண்டும்?

சரி, நம் வீட்டுக் கிருஷ்ணருக்கு வருவோம். 1972-ல் வந்து, 1976 ஏப்ரலில் அமலான தொல்பொருள் சட்டம் ஒன்று இருக்கிறது. நூறு வருஷம் தாண்டிய சிலை, ஓவியம் போன்றவை தொல்பொருள். ஓலைச்சுவடிக்கு 75 வருஷம். வீட்டில் வைத்துக் கும்பிடத் தடையில்லை. ஆனால் கல், உலோகம், மரம், சுடுமண் சிற்பமாக இருந்தால் போட்டோவோடு விண்ணப்பித்துப் பதிவுசெய்ய வேண்டும். பதிவு செய்த பொருளை இந்தியாவுக்குள் விற்கலாம், கைமாறியதைத் தெரிவிக்க வேண்டும். வியாபாரம் செய்பவருக்கு லைசென்ஸ் வேண்டும். நாட்டை விட்டு வெளியே எந்தத் தனியாரும் கொண்டுபோக முடியாது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை. ஆகவே "ஃபாரின் ஏலத்துக்கு அனுப்பித் தர்றேன்" என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது கடத்தல். வேறு பேர் இல்லை.

தோட்டத்தில் குழி வெட்டும்போது கிடைத்தால் அது வேறு சட்டம். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம். பத்து ரூபாய் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண்ணுக்குள் ஒரு செம்பு கிடைத்ததே, 505 தங்கக் காசுகளோடு, ஞாபகம் இருக்கிறதா? அதுவும் அப்படித்தான் அரசு கருவூலத்துக்குப் போனது.

சிங்கப்பூர், மலேசியா உறவினர்களுக்குச் சுவாமிமலையில் வாங்கிய புதுச் சிலை கொண்டுபோகிறவர்கள் பில்லைப் பத்திரமாக வையுங்கள். பார்க்கப் பழசு போல இருந்தால், இது தொல்பொருள் இல்லை என்று மத்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது. ஏர்போர்ட்டில் சாமியை விட்டுவிட்டுப் போக வேண்டியிராது. அப்புறம், டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று வருகிற மெசேஜ். இந்த மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கிருஷ்ணரைத் தெரிந்த ஸ்தபதி ஒருவரிடம் காட்டினோம். கையில் வாங்கிக் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தார். கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தடவினார். "பித்தளை. கும்பகோணத்து வார்ப்பு. அறுபது, எழுபது வருஷம் இருக்கும், அதுக்கு மேல போகாது" என்றார். முப்பது லட்சம் போன வருத்தம் சித்தி முகத்தில் ஒரு நிமிஷம்கூட இல்லை. "அப்ப எங்க மாமியார் கல்யாணத்துக்கு வாங்கினதுதான்" என்றார்.

திரும்பி வரும்போது சித்தியின் தாய்வழிப் பூர்வீகக் கிராமத்துக்குப் போனோம், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம். சின்னக் கோயில். ஒருகாலப் பூஜை. குருக்களிடம் விஷயத்தைச் சொன்னோம். கொஞ்சம் யோசித்தார். அலங்காரம் கலைத்த பிறகு, உற்சவர் அம்பாளை முன்பக்கம், பின்பக்கம், பீடம் என்று அவரே நின்று காட்ட, என் போனில் படம் எடுத்துக்கொண்டோம். எடுத்து முடித்துப் போனை உள்ளே வைக்கப் போனபோது சித்தி தடுத்தார்.

"இடது கால் சுண்டுவிரல எடுத்தியா? நுனி லேசா உடைஞ்சிருக்கும் பாரு. நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப தேர்லேர்ந்து எறக்கும்போது பட்டது."

குனிந்து பார்த்தேன். உடைந்திருந்தது.